தேநீரகமும் தேயிலை மலையும்

பலர் கூடிப் பேசும் இடத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. மன்றம், பொதியில், அம்பலம் என்பன பழைய நூல்களில் பயிலும் சொற்கள். சாவடியும் திண்ணையும் நம் பாட்டன்மார் அமர்ந்து பேசிய இடங்கள். பெயர் வேறுபடினும் பயன் ஒன்றே. வழக்குத் தீர்ப்பதும், செய்தி கேட்பதும், வழிவந்தவர் களைப்பாறுவதும் அங்கே நிகழ்ந்தன. சீன மக்களின் நகர வாழ்விலே இப்பயன்கள் அனைத்தையும் ஒருங்கே தாங்கி நின்ற இடம் தேநீரகம். அதன் வாழ்வையும் வீழ்ச்சியையும் பொருளாகக் கொண்டு எழுந்த நாடகம் ஒன்று உண்டு. அதன் பெயரும் 'தேநீரகம்' என்பதே; இயற்றியவர் லாவ் ஷே. அந்நாடகத்தைத் தமிழாசிரியர்களின் முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலை விளையும் கேமரன் மலையில் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாக இருப்பவன் நான். இந்நாடகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே படித்தேன். மூலத்திலுள்ள பெய்ஜிங் பேச்சு வழக்கின் சுவையை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆகவே நாடகத்தின் அமைப்பையும் கருத்தையும் பற்றி மட்டுமே பேசுவேன். தேயிலையைப் பறித்த குடும்பத்தில் பிறந்தவன், தேயிலையைக் குடித்தவர்களின் கதையைப் படிக்கும்போது எழும் வினாக்களும் சில உண்டு. அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

ஆசிரியராக வாழ்ந்த ஆசிரியர்

லாவ் ஷே என்பது புனைபெயர். 1899-இல் பெய்ஜிங் நகரில் ஒரு வறிய மஞ்சூ குடும்பத்தில் பிறந்தவர் அவர். அரண்மனைக் காவற்படை வீரராக இருந்த தந்தை, மறு ஆண்டில் அயல்நாட்டுப் படைகள் நகரைத் தாக்கியபோது மாண்டார். தாய் பிறர் துணிகளைத் துவைத்து மகனை வளர்த்தார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 1918-இல் தேர்ச்சி பெற்ற லாவ் ஷே, இருபது வயது நிறைவதற்கு முன்பே தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரானார். பின்னர் 1924 முதல் 1929 வரை லண்டனில் சீன மொழி கற்பித்தார்.

தாயகம் திரும்பும் வழியில், கையிலிருந்த பணம் சிங்கப்பூர் வரைக்குமே போதியதால் அங்கு இறங்கினார். அங்குள்ள சீன உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் ஆசிரியராகப் பணியாற்றினார். தென்கடல் நாடுகளைத் திருத்தி வளமாக்கிய சீனக் குடியேறிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுத வேண்டும் என்பது அவர் அவா. அதற்கு வேண்டிய பொழுதும் பொருளும் கிட்டவில்லை. பெருநூலுக்கு மாறாகச் 'சின்னப் போவின் பிறந்தநாள்' என்னும் சிறுவர் கதையைத் தொடங்கினார். சிங்கப்பூரில் வாழும் சீனச் சிறுவன் ஒருவன் மலாய்ப் பிள்ளைகளோடும் இந்தியப் பிள்ளைகளோடும் சேர்ந்து விளையாடும் கதை அது. பெரியவர்கள் தனித்தனியே அமர்ந்த காலத்தில் பிள்ளைகளை ஒரே இடத்தில் அமர்த்திப் பார்த்தவர் அவர். 'யார் யாரோடு அமரலாம்' என்னும் இவ்வினாவே, பல ஆண்டுகளுக்குப் பின் அவரது நாடகத்தில் முதிர்ந்து வெளிப்பட்டது என்று கருதுகிறேன்.

'தேநீரகம்' 1957-இல் வெளிவந்தது. 1958-இல் பெய்ஜிங் மக்கள் கலை அரங்கத்தாரால் மேடையேற்றப்பட்டது. பண்பாட்டுப் புரட்சியின் தொடக்கத்தில், 1966 ஆகஸ்டில், செங்காவலர்களால் அடித்து அவமதிக்கப்பட்ட லாவ் ஷே, மறுநாள் ஏரி ஒன்றில் மாண்டார். நாடகமும் சில காலம் மேடையை இழந்தது. 1979-இல் மீண்டும் அரங்கேறி, 1980-இல் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று புகழ் பெற்றது.

தேநீரகம் ஆற்றிய பணி

நாடகத்துக்குள் நுழையுமுன் சீனத் தேநீரகம் எத்தகைய இடம் என்பதை அறிந்துகொள்வது நலம். தேநீர் பருகுவதற்காக மட்டும் மக்கள் அங்கே சென்றாரல்லர். பறவை வளர்ப்போர் கூண்டோடு வந்து அமர்வர். தரகர் விலை பேசுவர். கதை சொல்வோர் கதை சொல்வர். வேலை தேடுவோர் ஆள் தேடுவோரைக் காண்பர்.

சிச்சுவான் மாநிலத்துச் செங்டூ நகரம் தேநீரகங்களுக்குப் பெயர்பெற்றது. அந்நகரில் பிறந்த வரலாற்றறிஞர் வாங் டி, அத்தேநீரகங்களைப் பற்றி 2008-இலும் 2018-இலும் இரு விரிவான நூல்களை வெளியிட்டிருக்கிறார். 1909-இல் அந்நகரில் 454 தேநீரகங்கள் இருந்தன. இருவருக்குள் வழக்கு ஏற்பட்டால் நடுவர் ஒருவரை அழைத்துக்கொண்டு தேநீரகம் செல்வது அங்குள்ள வழக்கம். அங்கே இரு பக்கத்து நியாயமும் எல்லாரும் கேட்க உரைக்கப்படும். தோற்றவர் அனைவரின் தேநீருக்கும் பணம் செலுத்த வேண்டும். நம் ஊர் மன்றத்தின் பணியன்றோ இது? நீதிமன்றத்துக்கு அஞ்சிய எளிய மனிதன், தேநீர்க் கிண்ணத்தின் முன்னே அச்சமின்றிப் பேசினான்.

இதனாலேயே அரசுகள் தேநீரகத்தை ஐயத்தோடு நோக்கின. பலர் கூடும் இடத்தில் பேச்சு பிறக்கும். பேச்சிலிருந்து கருத்து பிறக்கும். பேரரசு வீழ்ந்து குடியரசு வந்தபோதும், குடியரசு போய்ப் பொதுவுடைமை ஆட்சி வந்தபோதும் இந்த ஐயம் முற்றும் நீங்கவில்லை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தேநீரகங்கள் பெரிதும் அருகின. 1980-களில் மீண்டும் தழைத்தன. அப்போது அங்கே சீட்டும் மாஜோங் ஆட்டமும் மிகுந்தன. வழக்குத் தீர்க்கும் மன்றம் திரும்பி வரவில்லை.

மூன்று அங்கமும் ஒரு சுவரும்

நாடகம் மூன்று அங்கங்களால் ஆனது. மூன்றும் நிகழும் இடம் ஒன்றே. பெய்ஜிங் நகரில் வாங் லிஃபா என்பவர் நடத்தும் தேநீரகம் அது. முதல் அங்கம் 1898-ஆம் ஆண்டு, சீர்திருத்த முயற்சி முறியடிக்கப்பட்ட வேளை. இரண்டாம் அங்கம் பேரரசு வீழ்ந்தபின், படைத்தலைவர்கள் ஒருவரோடொருவர் பொருத காலம். மூன்றாம் அங்கம் ஜப்பானியர் சரணடைந்ததற்குப் பின், கோமிந்தாங் ஒற்றர்கள் நகரில் உலவிய காலம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வரலாறு ஒரே கூரையின்கீழ் அடங்குகிறது.

அறுபதுக்கு மேற்பட்ட மாந்தர் வந்து போகும் இந்நாடகத்தில் தொடர்ச்சியான கதை என்று ஒன்றில்லை. கதைத் தலைவனைத் தேடும் மாணவன் ஏமாறுவான். ஆயினும் மேடையை விட்டு ஒருபோதும் அகலாத பாத்திரம் ஒன்று உண்டு. அதுவே சுவர். நாட்டு நடப்பைப் பேசலாகாது என்னும் அறிவிப்பு முதல் அங்கத்திலேயே சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் பழைய படங்கள் போய், சிகரெட் வணிகரின் நாகரிக நங்கையர் படங்கள் வருகின்றன. அறிவிப்பு போகவில்லை, எழுத்து மட்டும் பெரிதாகிறது. மூன்றாம் அங்கத்தில் அறிவிப்புகளின் எண்ணிக்கையும் எழுத்தின் அளவும் மேலும் பெருகுகின்றன. அவற்றின் அருகே தேநீருக்கு முன்பணம் கேட்கும் தாளும் ஏறுகிறது.

இதைவிடச் சுருக்கமாக ஒரு சமுதாயத்தின் தேய்வைக் காட்ட இயலுமா? முதலில் நம்பிக்கை இருந்தது; குடித்தபின் பணம் கொடுத்தனர். பின்னர் நம்பிக்கை போயிற்று. பணம் முன்னே வந்தது. முதலில் அச்சம் சிறிய எழுத்தில் இருந்தது. பின்னர் அது சுவர் முழுதும் பரவிற்று. ஒரு பாத்திரமும் இதைப்பற்றிச் சொற்பொழிவு செய்யவில்லை. சுவரைக் காட்டிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். தமிழ் நாடகங்களில் கருத்தை மாந்தர் வாயால் நீண்ட உரையாகச் சொல்லவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கம் உடையோர் இந்தச் சுவரைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

அறிவிப்பை மீறியவர் சாங் என்னும் மஞ்சூ வீரர். பேரரசுக்கு அழிவு நெருங்குகிறது என்று மனம் நொந்து கூறுகிறார். மூலையில் அமர்ந்திருந்த இரு ஒற்றர்கள் உடனே அவரைப் பிணித்துச் செல்கின்றனர். அன்பினால் எழுந்த சொல்லுக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட சிறை கிடைக்கிறது. அரசுகள் மாறுகின்றன, அவ்வொற்றர்கள் இருவரும் அடுத்த அரசுக்கும் பணிபுரிகின்றனர். அடுத்த அங்கத்தில் அவர்களின் மைந்தர்கள் அதே பெயரோடு, அதே தொழிலோடு, அதே நாற்காலியில் வந்து அமர்கின்றனர். பெண்களை விற்கும் தரகன் லியுவுக்கும் அவ்வாறே ஒரு மைந்தன் வருகிறான்.

இதனை ஒரு குறையாகக் கூறுவார் உண்டு. தந்தையும் மைந்தனும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பது இயல்பன்று என்பது அவர் வாதம். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. வாங் லிஃபாவுக்கும் மைந்தன் உண்டு, பேத்தி உண்டு. ஆனால் அவர்கள் இறுதியில் ஊரைவிட்டு வெளியேறிவிடுகின்றனர். தீமையின் வாரிசு நாற்காலியில் அமர்கிறது. நன்மையின் வாரிசு ஊரைவிட்டுப் போகிறது. இவ்வமைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. எனினும் மூன்றாம் அங்கத்தின் தீயவர்கள் கேலிச்சித்திரம் போல் ஆகிவிடுகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. முதல் அங்கத்தில் அஞ்சவைத்தவர்கள், இறுதி அங்கத்தில் நகைக்கவைக்கின்றனர். அந்த அளவுக்கு அவ்வங்கம் மெலிந்ததே.

வாங் லிஃபாவின் குற்றம் என்ன?

மூன்று கொடுங்காலங்களைப் புதைப்பதற்காக எழுந்த நாடகம் என்பதே இதற்குப் பொதுவாக வழங்கும் விளக்கம். மேடையேறிய காலத்திலோ, இது பழமைக்கு இரங்குகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இவ்விரு கூற்றுகளும் அரை உண்மையே என்பது என் கருத்து. நாடகம் பழைய அரசுக்கு இரங்கவில்லை. மனிதர் அமர்ந்து பேசிய ஓர் இடம் மறைவதற்கு இரங்குகிறது. அவ்விரக்கம் பிழையன்று.

வாங் லிஃபா கெட்டவரல்லர். எல்லாரையும் வணங்குவார், எவரையும் பகைக்கமாட்டார். காலத்துக்கேற்பத் தம் கடையைச் சீர்திருத்திக்கொண்டே இருப்பார். பின்கட்டை மாணவர் தங்கும் விடுதியாக மாற்றினார். மேசை நாற்காலிகளை மாற்றினார். இறுதியில் இளம்பெண் ஒருத்தியைப் பரிமாற வைத்து வாடிக்கையாளரை ஈர்க்கவும் துணிந்தார். எல்லாவற்றையும் மாற்றிய அவர், சுவரில் இருந்த அந்த அறிவிப்பை மட்டும் ஒருநாளும் அகற்றவில்லை. அதை ஒட்டியவரும் அவரே. கடையைக் காப்பதற்காகப் பேச்சைத் துறந்தார். பேச்சு போனபின் காப்பதற்குக் கடை இல்லை. அதிகாரம் உடையோர் அதைப் பறித்துக்கொள்ள, தாமே உயிரை மாய்த்துக்கொள்கிறார்.

அதற்குமுன் வரும் காட்சி மறக்கவொண்ணாதது. வாங் லிஃபா, சாங், தொழிற்சாலையை இழந்த செல்வர் சின் ஆகிய மூன்று கிழவர்களும் ஒன்றாக அமர்கின்றனர். சாங் வேர்க்கடலை கொண்டுவந்திருக்கிறார். மெல்லுவதற்குப் பல் இல்லை. இறந்தோருக்காகத் தூவும் காகிதப் பணத்தைத் தமக்குத் தாமே தூவிக்கொள்கின்றனர். பேசக்கூடாத இடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே மூவரும் மனம்விட்டுப் பேசுகின்றனர். அப்போது கேட்பதற்கு வேறு எவரும் இல்லை.

வாசலுக்கு வெளியே இரு கிண்ணங்கள்

இவ்வளவு புகழ்ந்தபின் குறையும் கூறவேண்டும். தேநீரகம் எல்லாருக்கும் உரிய இடம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அஃது எல்லாருக்கும் உரியதாக இருந்ததா?

முதல் அங்கத்தில் பசியால் வாடிய தாய் ஒருத்தி, தன் சிறு மகளை விற்க வருகிறாள். சாங் மனமிரங்கி இருவருக்கும் நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்கிறார். ஆனால் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் உண்ணச் செய்யுமாறு பணியாளிடம் கூறுகிறார். நாடகத்தின் மிக நல்ல மனிதர் சொல்லும் சொல் இது! அதே அங்கத்தில், காங் என்னும் உழவன் தன் பதினைந்து வயது மகளை அரண்மனை அண்ணகர் ஒருவருக்கு மனைவியாக விற்கிறான். முதல் அங்கத்துத் தேநீரகத்தில் பெண்கள் நுழைவது விலைப்பொருளாகவே. அவர்களுக்கு நாற்காலி இல்லை. லாவ் ஷே இதனை அறிந்தே எழுதினார் என்று நம்புகிறேன். ஆனால் இந்நாடகத்தைப் போற்றும் திறனாய்வாளர் பலர் அந்த வாசற்படியைக் கவனிப்பதில்லை.

சீன இலக்கியத்தில் இதனை இன்னும் கூர்மையாகக் காட்டியவர் லூ சுன். 1919-இல் வெளிவந்த அவரது 'குங் யீஜி' சிறுகதை மதுக்கடை ஒன்றில் நிகழ்வது. நீண்ட அங்கி அணிந்த செல்வர் உள்ளே அமர்ந்து குடிப்பர். குட்டைச் சட்டை அணிந்த உழைப்பாளர் நின்றுகொண்டே குடிப்பர். நீண்ட அங்கி அணிந்தும் நின்றே குடிக்கும் ஒரே மனிதன் குங் யீஜி. தேர்வில் தேறாத படிப்பாளி அவன். உட்கார்வதா நிற்பதா என்பதிலேயே ஒரு மனிதனின் வாழ்வு முழுதும் அடங்கிவிடுகிறது.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. தமிழகத்தில் காப்பி பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். காப்பி நடுத்தர வகுப்பாரின் பெருமையாகவும், தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்து நின்றதை அதில் காணலாம். உணவு விடுதிப் பலகைகளில் 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கவேண்டும் என்று, 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெரியாரின் இயக்கத்தார் கிளர்ச்சி நடத்தினர். லாவ் ஷேயின் நாடகம் அச்சேறியதும் அதே ஆண்டே; நம் மலாயா விடுதலை பெற்றதும் அதே ஆண்டே. சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிக் குவளை வைத்த கொடுமையை நாம் அறிவோம். அங்கே ஒரு தகரக் குவளை சாற்றியதை, இங்கே வாசலுக்கு வெளியே சென்ற இரு கிண்ணங்கள் சாற்றுகின்றன.

புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளையே சென்னைக் காப்பி ஓட்டலுக்கு அழைத்துச் சென்று அமர்த்தினார். அவரே 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துயரத்தையும் எழுதினார். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்து, ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையை நமக்குக் காட்டிற்று. எனவே நம் இலக்கியத்தில் தோட்டமும் உண்டு, கடையும் உண்டு. ஆனால் இலை பறித்தவரும் தேநீர் பருகியவரும் ஒரே மேசையில் அமர்ந்த கதை, நான் படித்த அளவில் அரிது.

நம் மலையில் நேர்ந்தது

தேயிலை என்னும் நம் சொல்லின் முதற்பகுதியே ஹொக்கியன் மக்களின் 'தே' என்னும் ஒலியிலிருந்து வந்தது. ஆயினும் இந்நாட்டுக்கு வந்த சீனர் இங்கே பெருவழக்காக்கியது கோப்பிக்கடையையே. பிந்தி வந்த ஹைனான் தீவினர், வேறு தொழில்கள் பிறர் கையில் இருக்கக் கண்டு, வெள்ளையர் வீடுகளில் சமையற்காரராயினர். பின்னர் கோப்பிக்கடைகள் திறந்தனர். பளிங்கு மேசையும் வளைந்த மர நாற்காலியும் கொண்ட அக்கடைகளே நம் நாட்டுத் தேநீரகங்கள் எனலாம். அங்கே பல இனத்தவரும் அமர்ந்தனர். 'தே ஓ', 'கோப்பி ஓ' என்று எல்லாரும் ஒரே கலப்பு மொழியில் கேட்டனர்.

ஆனால் அக்கடை நகரத்தில் இருந்தது. நம்மவர் தோட்டத்தில் இருந்தனர். கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல், காட்டை அழித்தவரும் கன்று நட்டவரும் கொழுந்து எடுத்தவரும் பெரும்பாலும் தமிழரே. தோட்டத்தில் அவர்கள் கூடிய இடங்கள் யாவை? விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம்; அங்கே ஒருவர் பேச, மற்றவர் கேட்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் இருப்பின் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் பள்ளி வந்தது. கோயிலை மக்களே எழுப்பினர். இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் மாலையில் கூடுவதற்கெனத் திறந்திருந்தது கள்ளுக்கடை ஒன்றே.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். துரைமாரையும் அலுவலரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டனர். இவற்றைச் சிறு கோரிக்கைகள் என்று எண்ணுதல் தவறு. தெளிந்த மதியோடு கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும், தலைநிமிர்ந்து செல்வதற்கு ஒரு வழி வேண்டும் என்பதே அவற்றின் பொருள்.

என் தந்தை சம்பளத்துக்கு மறுநாள் ரிங்லெட் பட்டணத்துச் சீனர் கடைக்கு என்னை அழைத்துச் செல்வார். அட்டையில் 555 என்று எண் பொறித்த சிறு கணக்குப் புத்தகத்தில் எங்கள் கடன் எழுதப்பட்டிருக்கும். கணக்கு முடிந்ததும் தவுக்கே எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டி, 'உட்கார்' என்பது போல் கையசைப்பார். அரைக் கிண்ணம் தே வரும். துரை பங்களாவிலும் தோட்ட அலுவலகத்திலும் என் தந்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்ததை முதன்முதல் அக்கடையில்தான் கண்டேன்.

ஒரு பாட்டியின் வினா

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் கூடிய ஒரு மாலையில், இந்நாடகத்தின் முதல் அங்கத்தை எளிய தமிழில் கதையாகச் சொன்னேன். எல்லாரும் கேட்டனர். முடிந்ததும், கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தக் கடையில தே குடிச்சவங்க எல்லாரையும் சொன்னீங்க. கொழுந்து எடுத்தவங்க ஒருத்தரும் வரலையே?" என்றார்.

நான் விடை சொல்லத் திணறினேன். நாடகம் முழுவதையும் மீண்டும் படித்தேன். அறுபதுக்கு மேற்பட்டவர் வருகின்றனர். தேயிலை பறித்தவர் ஒருவரும் வரவில்லை. இது லாவ் ஷேயின் குற்றமன்று. அவர் கண்டது பெய்ஜிங். தேயிலை விளைவது தொலைவிலுள்ள தெற்கே. தம் கண் கண்டதை அவர் உண்மையாக எழுதினார். எழுதாமல் விட்டவர்கள் நாமே.

அப்பாட்டி எழுந்து நின்றே பேசினார் என்பதும் பின்னர் என் நினைவுக்கு வந்தது. அவர் மட்டுமன்று. என் பணிக்காலம் முழுதும் பெற்றோர் என்னைக் காண வரும்போது அலுவலக வாசலில் நின்றே பேசினர். உள்ளே எனக்கு ஒரு நாற்காலியும் மேசைமேல் ஒரு கோப்பைத் தேநீரும் இருந்தன. அவர்களை அமரச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அஃது எவரும் இட்ட கட்டளையன்று. நான் கேள்வி கேளாமல் ஏற்றுக்கொண்ட பழக்கம். சாங் வாசலுக்கு வெளியே அனுப்பிய கிண்ணங்களைக் குறையாகக் குறித்துக்கொண்ட நான், என் வாசலைக் காணவில்லை. திறனாய்வாளன் தன்னையும் ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

இன்றைய தேநீரகம்

காலம் மாறிவிட்டது. பெய்ஜிங்கில் 1988-இல் லாவ் ஷேயின் பெயராலேயே ஒரு தேநீரகம் திறக்கப்பட்டது. அயலூரார் அங்கே சென்று தேநீர் பருகி, பழைய கலைநிகழ்ச்சிகளைக் கண்டு மகிழ்கின்றனர். தேநீரகத்தின் சாவை எழுதியவர் பெயரால் தேநீரகம் நடப்பது வியப்புக்குரியதே. வழக்குத் தீர்த்த இடம் இன்று காட்சிக்கூடம். நம் நாட்டிலும் பழைய கோப்பிக்கடையின் பெயரையும் பளிங்கு மேசையையும் வைத்துப் பேரங்காடிகளில் புதுக்கடைகள் பல வந்துவிட்டன. கணக்குப் புத்தகமும் கடனும் அங்கே இல்லை.

எங்கள் மலையிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான தேநீர்க்கூடங்கள் உள்ளன. கண்ணாடி வழியே பச்சைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே தே பருகலாம். இன்று அச்சரிவுகளில் வேலை செய்வோரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம்மவர் பிள்ளைகள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். வாங் லிஃபாவின் பேத்தியைப்போல் அவர்களும் வாழ வழிதேடிச் சென்றனர். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சரிவில் நிற்பவருக்கும் கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்தவருக்கும் இடையே உள்ள தொலைவு, என் பாட்டியின் காலத்தில் இருந்த அளவே இன்றும் இருக்கிறது. அன்று அத்தொலைவை அறிந்தவர் நாம். இன்று அதனை அறிபவர் வேறு மொழி பேசுவோர். அவர்களுக்காகவும் நாம் பேசாவிடில், நம் துயரத்திலிருந்து நாம் எதையும் கற்கவில்லை என்றே பொருள்.

தேநீரகத்தின் பெருமை தேநீரில் இல்லை. அங்கே யார் அமரலாம், எதைப் பேசலாம் என்னும் இரண்டு வினாக்களில்தான் அது இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எழுப்பியதனாலேயே லாவ் ஷேயின் நாடகம் பெரும் படைப்பாகிறது. முதல் வினாவுக்கு அவர் முழு விடை தரவில்லை. அவ்விடையைத் தரும் கடமை, தேயிலையோடு மூன்று தலைமுறை வாழ்ந்த தமிழருக்கு உண்டு.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். உயர் வகுப்பு மாணவருக்குக் கட்டுரைத் தலைப்பு தேடும்போது, தம் ஊர்க் கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, யார் அமர்கின்றனர், யார் நிற்கின்றனர், யார் உள்ளே வருவதே இல்லை என்பதைக் கண்டு எழுதச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்றேனும் நாளை நல்ல நாடகமாகக்கூடும்.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இப்போது சுவரோரமாக நீண்ட பலகை ஒன்று போடப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வெந்நீர்க் குடுவை நிறையத் தே இருக்கும். வினாக் கேட்ட பாட்டி முதல் இரு வாரங்கள் வாசலிலேயே நின்றார். மூன்றாம் வாரம் உள்ளே வந்து, பலகையின் ஓரத்தில் அமர்ந்தார்.